முழு நைட்டு முடிவது ஞாயிறு காலை எட்டு, டே ஷிப்ட் திங்கள் காலை எட்டு: இதற்குப் பெயர் வார லீவா?

கேள்வி, 5 பிப்ரவரி 2023

ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேம் சைடராக (நூற்கும் மெஷினைப் பார்த்து, அறுந்த நூலை இணைக்கும் வேலை) இருக்கிறேன். முழு நைட்டு வாரம் ஞாயிறு காலை எட்டு மணிக்கு முடிகிறது. திங்கள் காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதும்போது டே ஷிப்டுக்கு உள்ளே நிற்க வேண்டும். இடையில் இருப்பதுதான் உன் வார லீவு என்கிறார் மேஸ்திரி. அந்த ஞாயிறு தூங்கியே போய்விடுகிறது. இப்படி ஷிப்ட் போடச் சட்டத்தில் இடம் உண்டா? கேட்டால், "இஷ்டம் இருந்தா வா, இல்லேன்னா நின்னுக்கோ" என்கிறார்கள்.

6 பிப்ரவரி 2023

செல்லாது. ஃபேக்டரிச் சட்டம் 1948, 52ஆவது பிரிவு. ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கக் கூடாது. வாங்கினால் அதற்கு முன்னே மூன்று நாளிலோ பின்னே மூன்று நாளிலோ ஒரு முழு நாள் லீவு விட வேண்டும். நீங்கள் ஞாயிறு காலை எட்டு வரை வேலை பார்த்திருக்கிறீர்கள், திங்களும் வேலை. அப்புறம் எங்கே லீவு?

மில் பக்கம் போகாதவர்களுக்காக: எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்களில் மூன்று ஷிப்ட். காலை 8 முதல் மாலை 4.30 வரை டே. 4.30 முதல் இரவு 1 மணி வரை அரை நைட்டு. 1 முதல் காலை 8 வரை முழு நைட்டு. முழு நைட்டு ஏழு மணி நேரம்தான், ஆனாலும் முழு ஷிப்ட் சம்பளம். வாரம் ஒருமுறை மாறும். நான் திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில் டைம் ஆபீஸில் பதினொரு வருஷம் இருந்தவன். ஷிப்ட் சார்ட் போட்ட கை இது. திட்டுவதானால் என்னிடமிருந்தே தொடங்கலாம்.

7 பிப்ரவரி 2023

நேற்று அவசரப்பட்டுவிட்டேன். தெரிந்த வக்கீல் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். "57ஐப் படிச்சியா?" என்றார். படித்ததுதான், மறந்துவிட்டது.

நள்ளிரவைத் தாண்டி நீளும் ஷிப்டில் இருப்பவருக்கு "ஒரு முழு நாள் லீவு" என்றால், அவருடைய ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம். காலண்டரில் தேதி கிழிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஞாயிறு எட்டு முதல் திங்கள் எட்டு வரை எண்ணிப் பாருங்கள். 24. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சார்ட் போட்டவருக்கு 57 மனப்பாடம்.

சட்டம் கொடுக்கும் 24 மணி நேரம் வீட்டில் எப்படிக் கரைகிறது என்று எனக்குத் தெரியும். டைம் ஆபீஸ் ஆள் லீவு போட்டால் நான்தான் நைட்டுக்கும் நிற்பேன். எட்டுக்குச் சங்கு. தலையிலும் புருவத்திலும் இருக்கிற பஞ்சைத் தட்டி, கை கால் கழுவி, பஸ் பிடித்து வீடு சேர ஒன்பதரை. சாப்பிட்டுப் படுத்தால் கண் விழிப்பது நாலு மணி. ராத்திரி பத்துக்கு மறுபடி படுத்தால் தூக்கம் வராது, ஆறு நாளாக அந்த நேரத்தில் முழித்தே பழகிய உடம்பு. மூன்று மணிக்கு மேல் கண் அசரும். ஆறு மணிக்கு எழுப்பிவிடுவார்கள். திங்கள் டே ஷிப்டில் விரல் நசுங்கியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கு வைத்ததில்லை. முதலுதவிப் பெட்டியின் சாவி என்னிடம் இருந்தது, அதனால் எனக்கு ஒரு கணக்கு உண்டு.

9 பிப்ரவரி 2023

இரண்டு நாளாக அந்த 57 உறுத்திக்கொண்டே இருந்தது. "நள்ளிரவைத் தாண்டி நீளும் ஷிப்ட்" என்றுதானே சொல்கிறது? அரை நைட்டு 4.30க்குத் தொடங்கி 1 மணிக்கு முடிகிறது. அது தாண்டுகிறது. முழு நைட்டு தொடங்குவதே 1 மணிக்கு. அது எதையும் தாண்டவில்லை. நள்ளிரவு தாண்டி ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிறக்கிறது.

சிரிக்காதீர்கள். அப்படிப் படித்தால் கணக்கு மாறுகிறது. இந்தச் சட்டத்தில் "நாள்" என்பது நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேரம். முழு நைட்டு வாரத்தில் நீங்கள் முதலில் உள்ளே போவது செவ்வாய் அதிகாலை 1 மணி. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு ஆறு நாள். அடுத்து டே ஷிப்ட் திங்கள் முதல் சனி வரை ஆறு நாள். ஆக மொத்தம் பன்னிரண்டு நாள், நடுவில் ஒரு முழு நாள் கிடையாது. லீவை மாற்றி விடும்போது தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கிவிடக் கூடாது என்று அதே 52ஆவது பிரிவு சொல்கிறது.

வக்கீலிடம் சொன்னேன். "வாதம் நல்லா இருக்கு, ஜெயிக்கும்னு எழுதித் தர மாட்டேன்" என்றார். இது என் வாசிப்பு, அவ்வளவுதான். ஆனால் பேச்சுவார்த்தையில் உட்காரும்போது கையில் ஏதாவது வேண்டுமே.

15 பிப்ரவரி 2023

"இந்த வார சார்ட் சனிக்கிழமை சாயங்காலம்தான் வாயால் சொல்கிறார்கள், சில நேரம் ஞாயிறு போனில்" என்று முதல் கேள்வி கேட்டவர் இன்னொரு தகவல் சேர்த்திருக்கிறார். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் ஐயா. உங்கள் பலம் இங்கேதான்.

61ஆவது பிரிவு. எந்த நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வேலை என்ற நோட்டீஸ் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்க வேண்டும். ஷிப்ட் மாறுகிற ஆட்களுக்கு, எந்த நாளில் எந்தக் குழு எந்த ஷிப்டில் இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும்படி திட்டம் போட்டிருக்க வேண்டும். மாற்றுவதானால் மாற்றும் முன்பே ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு இரண்டு பிரதி போக வேண்டும். போன தடவை மாற்றி ஒரு வாரம் ஆகாமல், அவர் அனுமதி இல்லாமல், மறுபடி மாற்றவும் கூடாது. 63ஆவது பிரிவு, நோட்டீஸில் இருப்பதற்கு மாறாக யாரையும் வேலை வாங்கக் கூடாது என்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் வருவது நோட்டீஸ் ஆகாது.

இனி என் பாவக் கதை. எங்கள் மில்லில் நோட்டீஸ் தகர போர்டில் பெயிண்ட் அடித்து டைம் ஆபீஸ் ஜன்னல் பக்கம் மாட்டியிருந்தது. அதில் இருந்த நேரம் வேறு, ஓடிய நேரம் வேறு. ஒரு வருஷம் நாங்கள் பாட்டுக்கு மாற்றிவிட்டோம், போர்டை மாற்றவில்லை. பெயிண்டரைக் கூப்பிட்டால் இன்ஸ்பெக்டருக்கும் எழுத வேண்டும். அதனால் போர்டுக்கு மேலே ஒரு ஆணி அடித்துப் பெரிய காலண்டரை மாட்டிவிட்டேன். மாட்டச் சொன்னது மேலே இருந்தவர், மாட்டியது நான். இன்ஸ்பெக்டர் வந்தார், காலண்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், தூக்கிப் பார்க்கவில்லை. அன்றைக்குச் சிரித்தோம். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

16 பிப்ரவரி 2023

காலண்டரில் என்ன படம் என்று கேட்டவருக்கு: பழனி முருகன், ராஜ அலங்காரம்.

27 பிப்ரவரி 2023

"இன்ஸ்பெக்டருக்கு எழுதினால் பெயர் தெரிந்துவிடாதா?" என்று மூன்று பேர் கேட்டாயிற்று. புகார் யாரிடமிருந்து வந்தது என்பதை இன்ஸ்பெக்டர் ரகசியமாக வைக்க வேண்டும் என்று 118ஏ பிரிவே இருக்கிறது. 1987 திருத்தத்தில் வந்தது. ஏட்டில் அப்படி. அறுபது பேர் இருக்கிற ஷெட்டில் யார் எழுதியிருப்பார்கள் என்று கண்டுபிடிக்க மேஸ்திரிக்கு அரை நாள் போதும். அதனால் தனியாக எழுதாதீர்கள். ஒரே ஷிப்ட் குழுவில் பதினைந்து பேர் கையெழுத்துப் போட்டால் யார் தொடங்கினார் என்பது தெரிந்தும் பிரயோசனம் இல்லை.

சங்கம் இருக்கிற மில் என்றால் வேறு வழியும் உண்டு. தொழில் தகராறு சட்டம் 1947, 9ஏ பிரிவு. நான்காம் அட்டவணையில் வேலை நேரமும் ஓய்வு இடைவேளையும் இருக்கிறது. நிலையாணைக்கு (மில்லின் வேலை விதிகளை எழுதிவைத்த ஆவணம்) மாறாக ஷிப்ட் முறையைத் தொடங்குவது, மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் இருக்கிறது. அவற்றை மாற்றுவதற்கு 21 நாள் நோட்டீஸ் வேண்டும். கொடுக்காமல் மாற்றினால் தொழிலாளர் அலுவலரிடம் சமரசத்துக்கு இழுக்கலாம். அங்கே முடிந்தால் அதே சட்டத்தின் 12(3) பிரிவுப்படி ஒப்பந்தம், அது கையெழுத்துப் போடாதவர்களையும் கட்டும்.

நிலையாணை நகல் கேளுங்கள். தமிழில் இருக்க வேண்டும். ஷிப்ட் மாற்றம் பற்றி ஒரு பத்தி அதில் நிச்சயம் இருக்கும். நான் இருந்த மில்லில் அது பீரோவில் அடித்தட்டில் எலி கடித்த நிலையில் இருந்தது. கேட்டு வந்தவர் பதினொரு வருஷத்தில் இரண்டு பேர்.

12 மார்ச் 2023

சட்டத்தை விட்டுவிட்டு உடம்பைப் பேசுவோம். டே, அரை நைட்டு, முழு நைட்டு என்று முன்னோக்கி மாற்றினால் உடம்பு சீக்கிரம் பழகும். பின்னோக்கி மாற்றினால் சிரமம். தொழில்சார் மருத்துவம் படித்தவர்கள் பொதுவாகச் சொல்வது இதுதான். தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னால் இழுப்பது கஷ்டம். நீங்கள் சொல்கிற மில் முன்னோக்கித்தான் மாற்றுகிறது. அந்த வகையில் மோசமில்லை.

13 மார்ச் 2023

ராத்திரி தூக்கம் வராமல் பேனாவை எடுத்தேன். நேற்று சொன்னதில் ஒரு ஓட்டை.

முன்னோக்கி மாற்றினால்: டே சனி மாலை 4.30க்கு முடியும், அரை நைட்டு திங்கள் 4.30க்குத் தொடங்கும், இடைவெளி 48 மணி. அரை நைட்டு ஞாயிறு அதிகாலை 1க்கு முடியும், முழு நைட்டு செவ்வாய் அதிகாலை 1க்கு, அதுவும் 48. முழு நைட்டிலிருந்து டே 24.

பின்னோக்கி மாற்றினால்: முழு நைட்டு ஞாயிறு 8க்கு முடியும், அரை நைட்டு திங்கள் 4.30க்கு, ஆக 32 அரை. அரை நைட்டு ஞாயிறு 1க்கு முடியும், டே திங்கள் 8க்கு, 31. டே சனி 4.30க்கு முடியும், முழு நைட்டு செவ்வாய் 1க்கு, 56 அரை.

கூட்டினேன். அதுவும் 120, இதுவும் 120. முதலாளிக்கு ஒரு மணி நேரம்கூட நஷ்டமில்லை. ஒரு சுற்றில் நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு, இருபத்துநாலு. இன்னொன்றில் எதுவும் முப்பதுக்குக் கீழே போகவில்லை. மருத்துவர் முன்னோக்கிப் போகச் சொல்கிறார், ஞாயிற்றுக்கிழமை பின்னோக்கிப் போகச் சொல்கிறது. பதினொரு வருஷம் சார்ட் போட்டும் இந்தக் கூட்டலை நான் ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை. முந்தினவர் எப்படிப் போட்டாரோ அப்படியே போட்டேன்.

26 மார்ச் 2023

கோன் வைண்டிங்கில் (நூலைக் கோனில் சுற்றும் பிரிவு) இருக்கிற ஒரு அக்கா கேட்டிருப்பது: பெண்களுக்கு நைட்டு போடலாமா?

1948 சட்டத்தில் 66ஆவது பிரிவு இரவு 7 முதல் காலை 6 வரை கூடாது என்றிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் அந்தத் தடையை அரசியல் சாசனத்துக்கு முரண் என்று நீக்கியது. நீக்கும்போது நிபந்தனைகளும் வைத்தது. அதில் ஒன்று நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. பகலிலிருந்து நைட்டுக்கோ நைட்டிலிருந்து பகலுக்கோ ஒரு பெண்ணை மாற்றினால், நடுவில் தொடர்ந்து 12 மணி நேரமாவது ஓய்வு இருக்க வேண்டும். போக்குவரத்து, தனியாக விடாமல் குழுவாகப் போடுவது, இதெல்லாமும் உண்டு.

என் வீட்டுக்காரி கோன் வைண்டிங்கில் ஏழு வருஷம் இருந்தாள். இதைப் படித்துக் காட்டினேன். "பன்னெண்டு மணி நேரத்துல வீட்டு வேலை எத்தனை மணின்னு கோர்ட்டுல கேட்டாங்களா?" என்றாள். கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

22 ஏப்ரல் 2023

எல்லோரும் இதையே கேட்கிறீர்கள். ஆமாம், பன்னிரண்டு மணி நேர மசோதா நேற்று நம் சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்டது. ஃபேக்டரிச் சட்டத்தில் 65ஏ என்று ஒன்றைச் சேர்த்து, வேலை நேரப் பிரிவுகளிலிருந்து விலக்குக் கொடுக்கும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொள்கிறது. பன்னிரண்டு மணி நேர வேலை. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு. கர்நாடகா பிப்ரவரியிலேயே செய்துவிட்டது.

வாரத்துக்கு 48 மணிதான், நாலு நாள் வேலை, மூன்று நாள் லீவு, விருப்பப்பட்டால் மட்டும் என்கிறார்கள். விருப்பம் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு டைம் ஆபீஸ் ஜன்னல் ஞாபகம் வந்தது. டபுள் ஷிப்ட் பார்க்க விருப்பம் என்று அச்சடித்த ஃபாரம் ஒரு கட்டு இருந்தது. சேரும் அன்றைக்கே, தேதி போடாமல், கையெழுத்து வாங்கிவிடுவோம். விருப்பம் அந்த டிராயரில்தான் இருந்தது.

24 ஏப்ரல் 2023

சங்கங்களோடு பேசியபின் அந்த மசோதாவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

2 மே 2023

நேற்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்வர் வாபஸ் என்று அறிவித்துவிட்டார். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது 1923இல். நூறு வருஷம் சரியாக முடிகிற அன்றைக்கு எட்டு மணி நேரத்தைத் திருப்பி வாங்க வேண்டியதாயிற்று.

கொரோனா சமயம் குஜராத் அரசு இதே மாதிரி பன்னிரண்டு மணி நேரத்துக்கு அறிவிக்கை போட்டது, ஓ.டி.க்கு (கூடுதல் நேர வேலைக்கு) இரட்டிப்புச் சம்பளமும் கிடையாது என்றது. 2020 அக்டோபர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அந்த நாட்களுக்கான ஓ.டி.யைக் கொடுக்கச் சொன்னது. கையில் வைத்துக்கொள்ளுங்கள், உதவும்.

11 ஜூன் 2023

திருப்பூர்க்காரர் ஒருவர்: "நீங்கள் எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று சண்டை போடுகிறீர்கள். எங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எப்போதுமே இருக்கிறது. அதற்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர்."

அந்தப் பெயரிலேயே ஏமாற்று இருக்கிறது. கணக்கு வசதிக்காக ஷிப்டுக்கு 480 ரூபாய் என்று வையுங்கள். மணிக்கு 60. காலையில் எட்டரைக்கு வந்தவர் ராத்திரி வரை கூடுதலாக நாலு மணி பார்க்கிறார். ஒன்றரை ஷிப்ட் கணக்கில் 720. சட்டம் 59ஆவது பிரிவில் ஓ.டி.க்கு இரட்டிப்பு என்கிறது. கூடுதல் நாலு மணி நேரத்துக்கு, மணிக்கு 120 வீதம் 480. சேர்த்தால் 960. அதாவது இரண்டு ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம் எண்ணும்போது யாராவது "ரெண்டு ஷிப்ட்" என்று கேட்டிருக்கிறார்களா? கேட்க மாட்டார்கள். ஒன்றரை என்ற சொல் வாயில் அவ்வளவு பழகிவிட்டது. நாளுக்கு 240 ரூபாய் அந்தச் சொல்லுக்குள்ளேயே போய்விடுகிறது.

12 ஜூன் 2023

திருத்தம். வக்கீல் மறுபடி. 59ஆவது பிரிவு சொல்வது நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல், அல்லது வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல். எட்டு இல்லை, ஒன்பது. ஒரு நாளை மட்டும் பார்த்தால் இரட்டிப்புக்கு உரியது மூன்று மணிதான்.

ஆனால் ஆறு நாளும் பன்னிரண்டு பார்த்தால் 72. அதில் 48 போக 24 மணி இரட்டிப்பு. நேற்று நான் போட்ட நாலு ஆறு இருபத்துநாலும் அதே 24தான். விடை சரி, வழி தப்பு. பள்ளிக்கூடத்தில் பாதி மார்க்காவது போட்டிருப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஒன்றரை பார்த்து நடுவில் ஒரு நாள் வராமல் இருந்தவருக்கு நேற்றைய கணக்கு பொருந்தாது, அவர் இன்றையதை எடுத்துக்கொள்ளட்டும். இரட்டிப்பு என்பது அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் இல்லை, பஞ்சப்படியும் சேர்த்து. போனஸ் சேராது.

18 ஜூன் 2023

"சம்பள ஸ்லிப்பில் ஓ.டி. என்ற கட்டமே காலியாக இருக்கிறது, பணம் மட்டும் தனிக் கவரில் வருகிறது, ஏன்?"

ஏனென்றால் எழுத முடியாது. 64ஆவது பிரிவின்படி விலக்கு வாங்கிய இடத்திலும் ஓ.டி. சேர்த்து வாரத்துக்கு 60 மணி, மூன்று மாதத்துக்கு ஓ.டி. மட்டும் 50 மணி. வாரம் 24 மணி ஓ.டி. பார்த்தால் அந்த 50 இரண்டு வாரம் தாண்டியதும் தீர்ந்துவிடும். பாக்கிப் பத்து வாரத்தை எந்த ரிஜிஸ்தரில் எழுதுவது? எழுதினால் தவறை ஒப்புக்கொண்டது ஆகும். அதனால் இரண்டு புத்தகம். ஒன்று பேனாவில், பச்சை அட்டை, எல்லோரும் எட்டு மணி நேரம் பார்த்து வீட்டுக்குப் போன புத்தகம். இன்னொன்று பென்சிலில், சின்ன நோட்டு, உண்மையில் யார் எப்போது போனார் என்பது. சனிக்கிழமை கவர் போட்டு முடித்ததும் பென்சிலை அழிப்பேன். ரப்பர் தூள் பஞ்சோடு சேர்ந்து மேசையில் கிடக்கும்.

ஆகவே நீங்கள் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்த நேரம், போன நேரம், கவரில் இருந்த தொகை. தினமும், அன்றன்றைக்கு. பேனாவில்.

20 ஆகஸ்ட் 2023

தலைப்பிலிருந்து விலகுகிறேன், மன்னிக்கவும். பதிலியாக (வராத ஆளின் இடத்தில் நிற்பவர், நிரந்தரம் இல்லை) இருப்பவர் ஒருவர், வருஷத்தில் இரண்டு மாதம் ஷிப்ட் சார்ட்டில் தன் பெயரே வருவதில்லை என்கிறார். "மெஷின் குறைவு" என்று சொல்கிறார்களாம். தமிழ்நாட்டில் 1981 சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ச்சியாகப் பணியில் இருந்தவர் நிரந்தரம் ஆக வேண்டும். உங்கள் பெயர் சார்ட்டிலிருந்து விழுந்தது எத்தனையாவது நாளில் என்று எண்ணுங்கள். நானூற்றிச் சொச்சத்தில் இருந்தால் மெஷின் மேல் பழி போடாதீர்கள். அந்த எண்ணிக்கையை மாதக் கடைசியில் சிவப்பு மையில் எழுதி மேலே அனுப்புவது என் வேலையாக இருந்தது.

3 செப்டம்பர் 2023

ஜவுளிக்கடையில் நிற்கிற தங்கை: கடைக்கு ஃபேக்டரிச் சட்டம் வராது. 1947 கடைகள் சட்டம். 2021இல் அதில் திருத்தம் வந்து, நிற்கிறவர்களுக்கு உட்கார வசதி கொடுக்க வேண்டும் என்றாயிற்று. ஸ்டூல் வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். அதன் மேல் சேலை அடுக்கியிருக்கிறார்களாம்.

29 அக்டோபர் 2023

முதல் கேள்வி கேட்டவர் எட்டு மாதம் கழித்து வந்திருக்கிறார். பதினேழு பேர் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடமே முதலில் கொடுத்தார்களாம், இன்ஸ்பெக்டருக்கு நகல் என்று கீழே எழுதி. 61ஐயும் பன்னிரண்டு நாள் கணக்கையும் சேர்த்திருக்கிறார்கள். நகல் என்ற சொல் வேலை செய்திருக்கிறது. முழு நைட்டு முடித்தவர்களுக்கு டே ஷிப்ட் இனி செவ்வாயிலிருந்து என்று இறங்கி வந்துவிட்டார்கள்.

இரண்டே வாரத்தில் அது ஆட்களாலேயே உடைந்தது. திங்கள் வராவிட்டால் திங்கள் சம்பளம் இல்லை. லீவு கேட்டோம், கூலியை விடச் சொல்லவில்லையே என்று பாதிப் பேர். ஹாஸ்டலில் இருக்கிற ஒடிசாப் பையன்களுக்கு லீவே வேண்டாம், டபுள் ஷிப்ட் கிடைத்தால் போதும். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், இங்கே ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு என்ன இருக்கிறது?

இந்த இடத்தை நான் யோசிக்கவே இல்லை. சட்டப் பிரிவுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தினக்கூலி ஆளுக்கு ஓய்வு என்பது தன் காசு போட்டு வாங்க வேண்டிய சரக்கு.

6 நவம்பர் 2023

அந்த 120 மணி கணக்கை அவர் தாளில் எழுதிக் காட்டியிருக்கிறார். சம்பளம் குறையாது, மில்லுக்கும் செலவில்லை என்றதும் மேஸ்திரியே மேனேஜரிடம் போனாராம். டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சுற்று. நானே முன்னோக்கிப் போவதுதான் உடம்புக்கு நல்லது என்று எழுதியவன். இப்போது என்ன சொல்ல? மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

17 மார்ச் 2024

மூன்று மாதம் ஆயிற்று. வயசானவர்களுக்குப் பின்னோக்கி ஒத்துக்கொள்ளவில்லை, அரை நைட்டிலிருந்து டேக்கு வரும் வாரம் வயிறு கெடுகிறது என்கிறார்களாம். சின்ன வயசுக்காரர்களுக்கு டேயிலிருந்து முழு நைட்டுக்குப் போகும் அந்த 56 அரை மணி பிடித்துவிட்டது, ஊருக்குப் போய்வர முடிகிறது. ஐம்பதைத் தாண்டியவர்களைத் தனிக் குழுவாக்கிப் பழைய சுற்றிலேயே விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த இருபத்துநாலு மணி நேர ஞாயிறு இன்னும் இருக்கிறது. எல்லோருக்கும் சரியான சார்ட் என்று ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

30 நவம்பர் 2025

மறுபடி இங்கே எழுத வேண்டி வந்துவிட்டது. நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தாயிற்று. மேலே நான் சொன்ன ஃபேக்டரிச் சட்டம், தொழில் தகராறு சட்டம் எல்லாம் அவற்றுக்குள் போகின்றன. 52, 57, 61 என்று பழைய எண்ணைப் போட்டுப் புது மனு எழுதாதீர்கள். நாளுக்கு எட்டு மணி என்பதும், ஓ.டி.க்கு இரட்டிப்பு என்பதும், ஓ.டி.க்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்பதும் பணிநிலைமைத் தொகுப்பில் இருக்கின்றன. ஷிப்ட் மாற்ற 21 நாள் நோட்டீஸ் தொழில் உறவுத் தொகுப்பில் இருக்கிறது. சம்மதம் என்று பார்த்ததும் அந்த டிராயர் மறுபடி ஞாபகம் வந்தது. தேதி போடாத ஃபாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதல் கேள்விக்காரரிடம் அவர்கள் மில் நோட்டீஸ் போர்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டு சுற்றும் தனித்தனிக் கட்டத்தில், குழுவாரியாக, தெளிவாக இருக்கிறது. தலைப்பில் இன்னும் பழைய சட்டத்தின் பெயர். பெயிண்டர் அடுத்த வாரம் வருகிறாராம். காலண்டர் எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டேன். எதிர்ச் சுவரில் என்றார்.